பாலியில் ஆறு நண்பர்கள், ஒரே மேசை: வாரூங் சாப்பாடு பற்றி

வாசகர் கேள்வி, 4 ஆகஸ்ட் 2025

அக்டோபரில் பாலி போகிறோம். ஆறு பேர், கல்லூரி நண்பர்கள். இரண்டு பேர் சுத்த சைவம், ஒருவன் பன்றி தொடமாட்டான், மற்ற மூவருக்கு எதுவும் ஓடும். போய் வந்தவர்களைக் கேட்டால் "இந்தியன் ஓட்டலிலேயே சாப்பிட்டுக்கொள்ளுங்கள், உள்ளூர்க் கடையில் சைவக்காரர்களுக்கு வெறும் சோறுதான்" என்கிறார்கள். அவ்வளவு தூரம் போய் பன்னீர் பட்டர் மசாலாவா? ஆறு பேரும் ஒன்றாக உட்கார்ந்து பாலிச் சாப்பாடு சாப்பிட வழியே இல்லையா?

பதில், 4 ஆகஸ்ட், இரவு 10.40

வழி இருக்கிறது. வெறும் சோறு என்று சொன்னவர்கள் வாசலோடு திரும்பியிருக்க வேண்டும். போன மே மாதம் நாங்களும் ஆறு பேர்தான் போனோம். ஒருத்தி சைவம், முட்டைகூடத் தொடமாட்டாள். மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்து சேர்ந்துகொண்ட நண்பன் தமிழ் முஸ்லிம். மீதி நாலு பேர் எதையும் சாப்பிடுவோம். தங்கியது உபுட் என்கிற ஊருக்குத் தெற்கே ஒரு வீட்டில். அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு சின்ன வாரூங். ஒன்பது நாளில் ஏழு மதியச் சாப்பாடு அங்கேதான்.

வாரூங் என்றால் பெரும்பாலும் ஒரு குடும்பம் தன் வீட்டு முகப்பில் நடத்துகிற சாப்பாட்டுக் கடை. நாலைந்து மேசை, முன்னால் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் தட்டுத் தட்டாகக் காலையில் சமைத்த பத்துப் பதினைந்து வகை. நீங்கள் கேட்க வேண்டியது நாசி சம்பூர். நாசி சோறு, சம்பூர் கலப்பு. கடைக்கார அம்மா ஒரு தட்டின் நடுவில் சோற்றைக் கவிழ்த்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார். நீங்கள் விரலால் காட்டக் காட்ட ஒவ்வொன்றாகச் சோற்றைச் சுற்றி வைப்பார். அவ்வளவுதான். ஒருத்தர் தட்டில் கோழி, ஒருத்தர் தட்டில் மீன், இன்னொருத்தர் தட்டில் தேங்காய் போட்ட காய்கறியும், டெம்பே என்கிற புளிக்கவைத்த சோயாக் கட்டியும், டோஃபுவும். ஆறு தட்டும் ஆறு மாதிரி, மேசை ஒன்று. பட்டியல் பார்த்து ஆர்டர் கொடுக்கிற பெரிய ஓட்டலில் இந்த வசதி கிடையாது. அதனால்தான் வேறு வேறு சாப்பாட்டுக்காரர்கள் சேர்ந்து போகிற கூட்டத்துக்கு வாரூங்தான் சரி என்று நான் அடித்துச் சொல்வேன்.

சம்பல் மாத்தா கேட்காமல் வந்துவிடாதீர்கள். பச்சை வெங்காயமும் எலுமிச்சைப் புல்லும் தேங்காய் எண்ணெயும், அதன் வாசனை இன்னும் மூக்கில் நிற்கிறது.

5 ஆகஸ்ட், காலை

விலை என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எங்கள் கடையில் அசைவத் தட்டு 35,000 ருப்பியா, காய்கறித் தட்டு 25,000, குடிக்க எஸ் டாலுமான் 10,000. முதல் நாள் ஆறு பேருக்கும் சேர்த்து (அன்று இரண்டு பேர் காய்கறித் தட்டு எடுத்தோம்) 2,50,000 ஆனது. நம் பணத்தில் ஏறக்குறைய 1,300 ரூபாய். பில் எல்லாம் கிடையாது. எழுந்து போய் என்ன சாப்பிட்டோம் என்று சொன்னால் அந்த அம்மா மனக்கணக்காகவே சொல்லிவிடுவார்.

டாலுமான் என்பது ஒரு இலையைக் கசக்கி எடுத்த பச்சைச் சாறு, தானாகக் கட்டிக்கொள்ளும். அதன்மேல் தேங்காய்ப் பாலும் பனைவெல்லப் பாகும் ஊற்றித் தருவார்கள். நம் ஊரில் சிறுகட்டுக்கொடி இலையைக் கசக்கித் தண்ணீரில் வைத்தால் உறைந்துபோகுமே, அதைப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும்.

5 ஆகஸ்ட், மாலை

"சுவை நம் நாக்குக்கு ஒத்துவருமா" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். இதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும்.

பாலிச் சமையலுக்கு அடி பாசா கெனெப் என்கிற மசாலா விழுது. கெனெப் என்றால் முழுமையானது, எல்லாம் சேர்ந்தது. சின்ன வெங்காயம், பூண்டு, மிளகாய், இஞ்சி, மஞ்சள், பேரரத்தை, கச்சோலம், மிளகு, மல்லி, ஜாதிக்காய், கிராம்பு, கெமிரி என்கிற எண்ணெய்க் கொட்டை, இறால் விழுது. கடைக்குக் கடை, வீட்டுக்கு வீடு கூடக்குறைய மாறும். இதில் பாதிக்கு மேல் நம் அஞ்சறைப் பெட்டியிலும் நாட்டு மருந்துக் கடையிலும் இருப்பவை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது கச்சோலம்தான். அதை அவர்கள் கெஞ்சூர் என்கிறார்கள். முதல் வாய் வைத்ததும் எங்கேயோ தெரிந்த வாசனையாக இருக்கிறதே என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் பிடிபட்டது, பாட்டி குழந்தைகளுக்குக் குளியல் பொடி இடிக்கும்போது வருகிற வாசனை. குளியல் பொடி வாசனை கோழியில் எப்படி நன்றாக இருக்கும் என்று கேட்பீர்கள். இருக்கிறது. போய்ச் சாப்பிட்டுப் பாருங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை: சாப்பாடு ஆறித்தான் இருக்கும். காலையில் சமைத்ததை நாள் முழுக்க வைத்து விற்கிறார்கள், அதுதான் அங்கே வழக்கம். நம் ஆட்கள் ஆவி பறந்தால்தான் சாப்பாடு என்பார்கள். அதனால் 11.30க்கே போய்விடுங்கள். சோறு சூடாக இருக்கும், நல்ல வகைகளும் தீர்ந்திருக்காது.

6 ஆகஸ்ட்

பிளஸ் பிளஸ் பற்றிக் கேட்டவருக்கு. சுற்றுலாப் பயணிகள் போகிற ஓட்டல்களில் விலைப் பட்டியலின் அடியில் இரண்டு கூட்டல் குறி போட்டிருப்பார்கள். ஒன்று சர்வீஸ், ஒன்று வரி. வயல் பார்த்த மாதிரி உட்காரலாம் என்று ஒரு நாள் இரவு அப்படி ஒரு இடத்துக்குப் போனோம். சாப்பிட்டது 9 லட்சம் ருப்பியாவுக்கு. அதற்கு மேல் 20 சதவீதம் ஏறியது. சாப்பாடும் பெரிதாக இல்லை, காரத்தை எடுத்துவிட்டுச் சர்க்கரையைப் போட்ட மாதிரி.

6 ஆகஸ்ட், சற்று நேரம் கழித்து

திருத்தம். 20 இல்லை, 21 சதவீதம். முதலில் 10 சதவீதம் சர்வீஸ் போட்டு, அந்தக் கூட்டுத்தொகைக்கு மேல் 10 சதவீதம் வரி போடுகிறார்கள். படம் எடுத்து வைத்திருந்த பில்லை இப்போதுதான் பார்த்தேன், 10,89,000. சர்வீஸ் எல்லா இடத்திலும் 10 இல்லை, குறைவாகப் போடுகிற இடங்களும் உண்டு. நாங்கள் போன வாரூங்கில் இரண்டுமே கிடையாது.

8 ஆகஸ்ட், நள்ளிரவு

"சம்பல் மாத்தாவில் இறால் விழுது உண்டே, சைவக்காரர்களிடம் அதைச் சொல்ல வேண்டாமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்டது நியாயம். முதல் குறிப்பில் பொருள்களைச் சொல்லும்போது அதை மட்டும் விட்டுவிட்டேன். மறதி இல்லை. எழுதினால் முழுக் கதையையும் எழுத வேண்டும், அதற்கு மனம் வரவில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

முதல் நாள் என் சிநேகிதி சம்பலைப் பார்த்து, "இதுல ஒண்ணும் இல்லையே?" என்று என்னைக் கேட்டாள். நான் கிண்ணத்தை எட்டிப் பார்த்தேன். வெங்காயம், பச்சை நிறத்தில் பொடிப்பொடியாக எலுமிச்சைப் புல், சிவப்பு மிளகாய், மேலே எண்ணெய். "வெறும் வெங்காயம்தான், சாப்பிடு" என்று சொல்லிவிட்டேன். மாத்தா என்றால் பச்சை, சமைக்காதது என்று அன்று காலையில்தான் படித்திருந்தேன். சமைக்காத சம்பலில் மீன் இறால் என்ன இருக்கப் போகிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அவள் மூன்று நாளும் அதைத்தான் ஆசை ஆசையாகச் சாப்பிட்டாள். இரண்டாவது தடவை கேட்டு வாங்கி, சோற்றில் பிசைந்து.

நாலாம் நாள் நான் மட்டும் காலையில் காப்பி குடிக்கப் போனேன். அந்த அம்மா அடுப்படியில் சம்பல் செய்துகொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க அழகாக இருந்தது, அதனால் நின்றுவிட்டேன். சின்ன வெங்காயத்தைக் குறுக்கே காகிதம் மாதிரி அரிகிறார். எலுமிச்சைப் புல்லின் அடித்தண்டில் மேல் தோலை உரித்துப் போட்டுவிட்டு, உள்ளே இருக்கிற இளசை மட்டும் வட்ட வட்டமாக. நாரத்தை இலை மாதிரி ஒரு இலை, அதன் நடு நரம்பைக் கிழித்து எடுத்துவிட்டு நூல் மாதிரி நறுக்குகிறார். எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் போட்டு உப்பைத் தூவினார். அப்புறம் அடுப்பு ஓரத்திலிருந்து, தீயில் வாட்டி வைத்திருந்த கருஞ்சிவப்பான ஒரு துண்டை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தூளாக நெரித்தார். கருவாட்டு வாசனை குப்பென்று வந்தது. அதன்மேல் சூடான தேங்காய் எண்ணெயை ஊற்றி, எலுமிச்சை பிழிந்து, கையாலேயே மெதுவாகக் கசக்கினார். எண்ணெய் பட்டதும் அந்தத் தூள் கரைந்து போனது. வெங்காயத்தின் மேல் ஒரு பழுப்பு நிறம் ஏறியது, அவ்வளவுதான் மிச்சம். மூன்று நாளும் அந்தப் பழுப்பை நான் பார்த்திருக்கிறேன். மிளகாய் நிறம் என்று நினைத்திருந்தேன்.

இறால் விழுதுக்கு அங்கே தெராசி என்று பெயர். "தெராசி?" என்று கேட்டேன். "தெராசி" என்று சிரித்தபடி தலையாட்டினார். அவருக்குத் தெரியாது, என் வயிறு கலங்கியது.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று வீடு வரைக்கும் யோசித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். வாசலில் உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டிருந்தாள். சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு "நான் உன்னைத்தானே கேட்டேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. அன்று மதியம் அவள் வரவில்லை, அறையிலேயே வாழைப்பழம் சாப்பிட்டாள். நாங்கள் ஐந்து பேர் போனோம். எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் ஈப்போ நண்பன் அவளையும் என்னையும் கூட்டிக்கொண்டு நேராக அந்த அம்மாவிடம் போனான். அவனுக்கு மலாய் தெரியும், பேச்சு எளிதாக இருந்தது. அவர் கேட்டதும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "ஏன் முதல் நாளே சொல்லவில்லை" என்று அவர் கேட்டதாக நண்பன் மொழிபெயர்த்தான். வேறு கிண்ணம் எடுத்து, தெராசி இல்லாமல், உப்பை மட்டும் கூட்டிப் போட்டு அவளுக்கென்று தனியாகச் செய்தார். அதற்குப் பிறகு நாங்கள் போன ஒவ்வொரு நாளும் அந்தச் சின்னக் கிண்ணம் தட்டு மூடி தனியாக இருந்தது.

9 ஆகஸ்ட்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டுச் சிலர் "அப்போ இந்தியன் ஓட்டல்தான் பாதுகாப்பு" என்கிறார்கள். நான் சொல்ல வந்தது அது இல்லை. அந்த அம்மா முதல் நாளே செய்து கொடுத்திருப்பார். நான் கேட்கவில்லை, தெரிந்த மாதிரி பதில் சொன்னேன், அதுதான் தப்பு. இத்தனைக்கும் 5ஆம் தேதி பாசா கெனெப் பற்றி எழுதும்போது இறால் விழுதைக் கடைசியில் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன், அது சைவக்காரர்களுக்கு என்ன அர்த்தம் என்று ஒரு வரிகூட எழுதவில்லை.

எனவே ஒழுங்காகச் சொல்கிறேன். "சைவம்" என்று மட்டும் சொன்னால் இறைச்சி இல்லை என்றுதான் பல இடங்களில் எடுத்துக்கொள்வார்கள், தெராசி அவர்களுக்கு உப்பு புளி மாதிரி. அதனால் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்: "தன்பா தெராசி, தன்பா ஈக்கான், தன்பா டாகிங்". தன்பா என்றால் இல்லாமல், ஈக்கான் மீன், டாகிங் இறைச்சி. காய்கறியில் தேங்காய்த் துருவல் போட்ட ஊராப் பார்க்கச் சைவமாக இருக்கும், அதன் மசாலாவில் தெராசி இருக்கலாம். வேர்க்கடலைச் சாற்றில் அரிசிக் கட்டியும் காயும் போட்டுத் தருகிற திபாத் சந்தோக் அப்படித்தான், ஆனால் அதைக் கண்முன்னால் அரைத்துத் தருவார்கள், அதனால் சொல்லித் தடுக்க முடியும். குருப்புக் அப்பளத்தில் இறாலோ மீனோ சேர்ந்திருக்கலாம். எம்பிங் என்று கேட்டால் மெலிஞ்சோக் கொட்டையைத் தட்டிப் பொரித்தது, லேசான கசப்பு, நன்றாக இருக்கும். வெறுமனே பொரித்த டெம்பேயும் டோஃபுவும் கவலையில்லை. எண்ணெய் தனியா என்று பார்க்கிற அளவுக்குக் கண்டிப்பானவர்கள் என்றால் அதையும் கேட்டுவிடுங்கள்.

லாவார் பக்கம் மட்டும் சைவக்காரர்கள் போகவே வேண்டாம். பொடியாக நறுக்கிய பீன்ஸும் தேங்காயுமாகப் பொரியல் மாதிரிதான் தெரியும். உள்ளே கொத்திய இறைச்சி இருக்கும், சிவப்பு லாவார் என்றால் பச்சை ரத்தமும் உண்டு.

9 ஆகஸ்ட், இரவு

ஈப்போ நண்பனுக்கு இந்த இழையை அனுப்பினேன். இரண்டு விஷயம் சொன்னான்.

ஒன்று, "பன்றி தொடமாட்டான்" என்று கேள்வியில் இருக்கிறதே, அவர் முஸ்லிமா, வெறுமனே பிடிக்காதவரா என்பதைக் கேட்டுக்கொள்ளச் சொன்னான். பிடிக்காதவர் என்றால் கோழித் தட்டு போதும். முஸ்லிம் என்றால் சமைக்கிற பாத்திரம், எண்ணெய் எல்லாம் கணக்கில் வரும். பாலியில் பெரும்பாலானவர்கள் இந்துக்கள், பன்றி அங்கே அன்றாடச் சமையல். எங்கள் வாரூங்கில் பன்றி கிடையாது, இருந்தாலும் அவன் கோழி சாப்பிடவில்லை. மீனும் முட்டையும் காயும்தான். அது அவன் எடுத்த முடிவு, நாங்கள் யாரும் வற்புறுத்தவில்லை. ஜாவாக்காரர்கள் நடத்துகிற ஹலால் போர்டு போட்ட வாரூங்குகள் நிறைய இருக்கின்றன. ஒரு நாள் விட்டு ஒரு நாள் அங்கே போய்விடுங்கள் என்கிறான். சைவக்காரர்களுக்கு அங்கேயும் டெம்பே உண்டு.

இரண்டாவது, "கடை என்று அங்கே கேட்டாலே புரியுமே, அதைச் சொன்னாயா" என்றான். கெடாய் என்கிற சொல் மலாயிலும் இந்தோனேசிய மொழியிலும் நம் கடையிலிருந்து போனது. கரியும் அப்படித்தான். "நம்ம சொல்லு முன்னாடியே போய் உட்கார்ந்திருக்கு, நீங்கதான் லேட்டு" என்று சிரிக்கிறான்.

11 ஆகஸ்ட்

ஒன்று சொல்ல விட்டுப்போனது. நாங்கள் தங்கிய வீட்டில் காலையில் சமையல் முடிந்ததும் வீட்டு அம்மா வாழை இலையைச் சின்னச் சதுரமாகக் கிழித்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகைச் சோறும் உப்பும் வைத்து அடுப்பு, தண்ணீர்க் குழாய், வாசல், கோயில் மாடம் என்று ஒவ்வோர் இடத்திலும் வைத்துவிட்டு வருவார். அதற்குப் பிறகுதான் யாரும் சாப்பிடலாம். மெசைபான் என்கிறார்கள். என் சிநேகிதி அதைப் பார்த்து, "எங்க அம்மா காக்காய்க்கு வைக்காம எங்களுக்குப் போடமாட்டாங்க" என்றாள். வாரூங் வாசலிலும் ஓலைத் தட்டில் பூவும் ஊதுபத்தியும் தரையில் வைத்திருப்பார்கள். பார்த்துக் காலை வையுங்கள், தாண்டிப் போகாதீர்கள்.

அதே வீட்டு அம்மா இன்னொன்றும் சொன்னார். பாலி வீடுகளில் தினசரிச் சாப்பாடு குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுவதில்லையாம். சமைத்து மூடி வைத்துவிடுவார்கள், பசித்தவர் வந்து போட்டுக்கொண்டு ஒரு மூலையில் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போவார். நாங்கள் ஆறு பேர் ஒரு மேசையில் ஒரு மணி நேரம் சத்தம் போட்டுச் சாப்பிடுவது அவருக்கு விசேஷ வீடு மாதிரித் தெரிந்திருக்கிறது. விசேஷம் என்றால் சேர்ந்து சாப்பிடுகிற வழக்கம் உண்டு. கிழக்கே கரங்காசம் பக்கம் அதற்கு மெகிபூங் என்று பெயர். ஒரே பெரிய தட்டைச் சுற்றி வழக்கமாக எட்டுப் பேர், கையால்தான். ஒருவர் முடித்தாலும் மற்றவர்கள் முடிக்கும் வரை எழுந்திருக்கக் கூடாது. அதைக் கேட்ட அன்று நாங்கள் யாரும் முன்னால் எழவில்லை.

12 ஆகஸ்ட்

வாழைத்தண்டு! ஜூக்கூட் ஆரெஸ். இளம் வாழைத்தண்டை மெல்லிசாக அரிந்து பாசா கெனெப் போட்டு வைக்கிற சாறு. பெரும்பாலும் பன்றி அல்லது வாத்து எலும்பில்தான் கொதிக்க வைப்பார்கள், எங்கள் வாரூங்கில் கோழி எலும்பு. தண்டை உப்புப் போட்டுப் பிசைந்து பிழிந்துவிட்டுத்தான் சேர்க்கிறார்கள், நாம் மோரில் போட்டு வைப்பதற்குப் பதில். சைவக்காரர்கள் ஏங்கிப்போவார்கள், அதுதான் வருத்தம்.

14 ஆகஸ்ட்

நவம்பருக்குத் தள்ளிப்போடலாமா என்று கேட்டவருக்கு: தள்ளினால் தேதி பார்த்துக்கொள்ளுங்கள். 210 நாளுக்கு ஒரு முறை வருகிற கலுங்கான் பண்டிகை இந்தத் தடவை 2025 நவம்பர் 19. முதல் நாள் வீட்டுக்கு வீடு பன்றி அறுத்து லாவார் செய்வார்கள், ஆண்கள்தான் கொத்துவார்கள். தெருவெல்லாம் வளைத்துக் கட்டிய மூங்கில் தோரணம், பார்க்கக் கோடிக் கண் வேண்டும். ஆனால் குடும்பம் நடத்துகிற வாரூங்குகள் அந்த நாட்களில் பூட்டியிருக்கும். சாப்பிடத்தான் போகிறீர்கள் என்றால் அக்டோபரே நல்லது.

கேட்ட வாசகர், 17 அக்டோபர்

உபுடிலிருந்து எழுதுகிறேன். தன்பா தெராசி சொன்னோம். கடைக்கார அக்கா உள்ளே போய் வெங்காயத்தை அரிய ஆரம்பித்துவிட்டார், பத்து நிமிஷம் காத்திருந்தோம். இரண்டு சைவக்காரர்களும் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள். ஆறு பேரும் ஒரே மேசை. நாங்கள் போனது 1.30க்கு, டெம்பே தீர்ந்துவிட்டது, அது ஒன்றுதான் குறை.

17 அக்டோபர், இரவு

படித்ததும் சிநேகிதிக்கு அனுப்பினேன். மாடித் தொட்டியில் எலுமிச்சைப் புல் வைத்திருக்கிறாள், வாரம் ஒரு முறை சம்பல் மாத்தா செய்கிறாளாம், உப்பைக் கூட்டிப் போட்டு. உங்கள் சைவக்காரர்களுக்கு அளவு சொல்லச் சொன்னாள்: பதினைந்து சின்ன வெங்காயத்துக்கு மூன்று தண்டு, எண்ணெய் நாலு கரண்டி, புகை வருவதற்கு முன்னால் இறக்கிவிட வேண்டும்.

1.30க்குப் போனால் டெம்பே எங்கே இருக்கும்? நாளைக்கு 11.30க்கே போங்கள்.